லோகா சாப்டர் 1: சந்திரா

லோகா சாப்டர் 1: சந்திரா என்பது 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று வெளியான மலையாளத் திரைப்படம் ஆகும். இதனை டொமினிக் அருண் இயக்கியுள்ளார். நடிகர் துல்கர் சல்மானின் வேஃபேரர் ஃபிலிம்ஸ் நிறுவனம் தயாரித்துள்ளது. கல்யாணி பிரியதர்சன் முதன்மைப் பாத்திரத்திலும், நஸ்லேன், சாண்டி, சந்து சலீம்குமார், அருண் குரியன் ஆகியோர் பிற முக்கியப் பாத்திரங்களிலும் நடித்துள்ளனர். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் வழங்கும் கள்ளியங்காட்டு நீலி என்னும் இயக்கியின் கதையை, மேலை நாட்டு இரத்தக் காட்டேரிக் கதைகளுடன் இணைத்து, அதிரடித் திரைப்படமாக இது மாற்றியமைத்துள்ளது. தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளிலும் மொழிமாற்றம் செய்து வெளியிடப்பட்டது.

இத்திரைப்படத்தின் மூலமான நீலியின் கதை தமிழ் இலக்கியத்திலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ள ஒன்றாகும். அச்சமூட்டும் பேயாக அறியப்பட்ட ஒரு பெண்ணை நாயகியாக ஆக்கும்போது அவளது குணச்சித்திரம் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய இத்திரைப்படம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தோற்றக் கதை என்னும் வகை

ஒரு நாயகனோ, பகைவனோ, அரக்கனோ எவ்வாறு அந்நிலையை அடைந்தான் என்று கூறும் கதை தோற்றக் கதை எனப்படும். மீநாயகர் திரைப்படங்களில் இவ்வகை பெரிதும் காணப்படுகிறது.

இரத்தக் காட்டேரிக் கதைகளுக்குத் தோற்றக் கதை பிற்காலத்திலேயே முக்கியமாயிற்று. பிராம் ஸ்டோக்கர் 1897 இல் வெளியிட்ட டிராகுலா புதினம் முழுவதும் பிறருடைய நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றால் ஆனது. டிராகுலா தன் கதையைத் தானே எழுதும் பகுதி எதுவும் அதில் இல்லை. அவன் ஏன் அவ்வாறு ஆனான் என்பது தெரியாமல் இருப்பதே அப்புதினத்தில் அச்சத்தைத் தோற்றுவிக்கிறது.

தோற்றக் கதையோ இதற்கு நேர்மாறானது. காட்டேரியின் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படுகிறது. காரணம் தெரிந்தவுடன் அச்சம் குறைந்து இரக்கம் கூடுகிறது. எனவே இவ்வகைக் கதைகளை எழுதுவோர் அனைவரும் ஒரே சிக்கலை எதிர்கொள்கின்றனர். பாத்திரத்தின் செயலுக்குக் காரணம் காட்டுவது வேறு. அச்செயலை நியாயப்படுத்திவிடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எங்கு வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பாத்திரத்தின் வலிமை அமைகிறது.

கதைச் சுருக்கம்

எச்சரிக்கை: இப்பகுதியிலும் இதற்கு அடுத்த பகுதிகளிலும் கதையின் முக்கியத் திருப்பங்கள் வெளிப்படுத்தப்பட்டுள்ளன.

சந்திரா என்னும் இளம்பெண் வெளிநாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு குடியிருப்பில் தங்குகிறாள். இரவு நேரத்தில் ஒரு காப்பிக் கடையில் பணிபுரிகிறாள். எதிர்வீட்டில் நண்பர்களுடன் வசிக்கும் சன்னி என்னும் இளைஞன் அவள்மீது ஆர்வம் கொள்கிறான். அவளுடைய நடத்தையில் உள்ள புதிர்கள் அவனை வியப்பில் ஆழ்த்துகின்றன.

உடன் பணிபுரியும் பெண்ணுக்குத் தொல்லை கொடுக்கும் ரௌடி ஒருவனைச் சந்திரா எதிர்க்கிறாள். அதன் விளைவாக, மனித உடலுறுப்புகளைக் கடத்தி விற்கும் கும்பல் ஒன்றின் பகைக்கு ஆளாகிறாள். அக்கும்பலுடன் தொடர்புடைய காவல் ஆய்வாளர் நாச்சியப்ப கௌடா அவளைப் பின்தொடரத் தொடங்குகிறார். இதற்கிடையில் சந்திரா மனிதப் பிறவியின் எல்லைகளைக் கடந்தவள் என்பதையும், தொன்மக் கதைகளில் கூறப்படும் நீலி அவளே என்பதையும் சன்னி அறிந்துகொள்கிறான்.

முற்காலக் காட்சிகளில் அவளது தோற்றம் விளக்கப்படுகிறது. நீலி காட்டில் வாழும் ஒரு பழங்குடிச் சிறுமி. காட்டிலுள்ள கோயிலை அம்மக்கள் தீண்டிவிட்டதாகக் கருதிய அரசனின் படையினர் அவர்களது ஊரை அழிக்கின்றனர். தப்பியோடி ஒரு குகைக்குள் புகும் சிறுமிக்கு அங்கே ஏற்படும் தொற்றினால் பேராற்றலும் குருதி வேட்கையும் மூப்பின்மையும் உண்டாகின்றன. பின்னர்க் கடமற்றத்துக் கத்தனாரின் வழிகாட்டுதலால் அவள் தன் ஆற்றலைப் பிறரைக் காக்கப் பயன்படுத்துகிறாள்.

இக்கால நிகழ்வுகளின் இறுதிப் பகுதியில், சந்திராவிடமிருந்து பரவும் தொற்றினால் நாச்சியப்பாவும் அவளைப் போன்ற ஆற்றலைப் பெறுகிறார். இருவருக்கும் இடையிலான மோதலுடன் கதை உச்சத்தை அடைகிறது. டொவினோ தோமஸ், துல்கர் சல்மான் ஆகியோர் சிறப்புத் தோற்றத்தில் வந்து, அடுத்தடுத்த பாகங்களுக்கான முன்னறிவிப்பைத் தருகின்றனர்.

தொன்மப் பின்னணி

கள்ளியங்காட்டு நீலி

கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டிய பகுதியாகும். இது முன்பு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டதைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் பகுதியாயிற்று. எனவே நீலியின் கதை மலையாளத்திலும் தமிழிலும் ஒருங்கே வழங்குவதில் வியப்பில்லை. குமரி மாவட்டத்தில் இக்கதை வில்லுப்பாட்டாகவும் பாடப்பட்டு வந்துள்ளது.

கதையின் ஒரு வடிவத்தில், தேவரடியார் குலத்தைச் சேர்ந்த பெண்ணொருத்தி நகைகளுக்காகக் கோயில் பூசாரியால் கள்ளிச்செடியின் அருகில் கொல்லப்படுகிறாள். மறுபிறவியில் நீலியாகப் பிறக்கும் அவள், வணிகனாகப் பிறந்திருக்கும் அப்பூசாரியைப் பழிவாங்குகிறாள்.

கேரளத்து மக்கள் வழக்கில் இயக்கி என்பவள் வெண்ணிற ஆடையும் நீண்ட கூந்தலும் உடையவள். இரவில் தனியே செல்லும் ஆண்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு, அவர்களை மயக்கிக் குருதி குடிப்பவள். அவளை மந்திரவாதப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் அடக்கினார் என்னும் கதையும் புகழ்பெற்றது. கத்தனார் பற்றிய கதைகளைக் கொட்டாரத்தில் சங்குண்ணி ஐதீகமாலை என்னும் தம் நூலில் தொகுத்துள்ளார்.

பழையனூர் நீலி

தமிழில் நீலி என்றவுடன் நினைவுக்கு வருபவள் பழையனூர் நீலியே ஆவாள். பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டுக்கு அருகில் உள்ளது. திருவாலங்காடு சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்த ஊராகும். நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்குள்ளது.

கணவனால் கொல்லப்பட்ட ஒரு பெண், பேயாகி அவனைத் தொடர்கிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனிடம் தன்னைக் காக்கும் வாள் ஒன்று உள்ளது. நீலி ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் நின்று, தன் கணவன் தன்னைக் கைவிடுவதாக அழுகிறாள். வணிகன் அவள் பேய் என்று கூறியும் எவரும் நம்பவில்லை. அவனுடைய உயிருக்குத் தங்கள் உயிரே ஈடு என்று வாக்களித்த வேளாளர்கள், வாளை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஓரிடத்தில் தங்க வைக்கின்றனர். அன்றிரவே அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். வாக்குத் தவறாத வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் துறந்தனர் என்பது வரலாறாகக் கூறப்படுகிறது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சி சுட்டப்படுவதால், இக்கதை கி.பி. 7 ஆம் நூற்றாண்டுக்கு முன்பே வழங்கியது எனலாம்.

பொய்யான அழுகையைக் குறிக்கும் 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடர் இக்கதையிலிருந்தே தோன்றியது. இத்தொடர் வேளாளர் முன் அவள் சிந்திய கண்ணீரை மட்டுமே நினைவில் வைத்துள்ளது. அதற்கு முன்பு அவள் கொலையுண்டவள் என்பது கதையில் இருந்தும் தொடரில் இல்லை.

நீலகேசி

நீலியின் கதையை மாற்றி எழுதும் முயற்சி திரைப்படக் காலத்தில் தொடங்கியதன்று. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி என்னும் சமணக் காப்பியம் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துள்ளது. அதில் பழையனூர் நீலி, சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வருகிறாள். அவரோ அஞ்சவில்லை. அவரிடம் அறங்கேட்டுச் சமணத்தைத் தழுவும் அவள், பின்னர் நாடெங்கும் சென்று பௌத்தர் முதலிய பிற சமயத்தாருடன் வாதிட்டு வெல்கிறாள். நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையும் கிடைத்துள்ளது.

பேயாக இருந்தவள் தருக்கத்தில் வல்ல நாயகியாக மாறுவது இக்காப்பியத்தின் சிறப்பாகும். அவளது முந்தைய நிலையை நூலாசிரியர் மறைக்கவில்லை. அதிலிருந்து அவள் எதைத் தெரிந்தெடுத்தாள் என்பதையே கதையாக்கினார். லோகா திரைப்படத்திலும் அறநெறியாளர் ஒருவரைச் சந்தித்தபின் நீலியின் வாழ்க்கை திசைமாறுவது ஒப்புநோக்கத்தக்கது.

கதைமாந்தர் அமைப்பு

சந்திரா

மரபுக் கதைகளில் நீலியை இயக்குவது தனிப்பட்ட பழியுணர்ச்சி. ஒருவன் கொன்றான், அவனை அவள் கொல்கிறாள். திரைப்படம் இக்காரணத்தை மாற்றியுள்ளது. இங்கே அநீதி இழைப்பது ஓர் ஆண்மகன் அல்லன், தீண்டாமையைக் காக்கும் ஓர் அரசு. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, பழிவாங்க வேண்டிய ஒருவன் இறந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. மற்றொன்று, நீலி ஆண்களை மயக்கும் பேயாக வருணிக்கப்பட்டதே அவளை ஒடுக்கியவர்களின் கூற்றாக இருக்கலாம் என்னும் ஐயம் எழுகிறது.

குருதி வேட்கை படத்தில் முற்றிலும் நீக்கப்படவில்லை. சந்திரா குருதிப் பைகளைக் கொண்டு தன் பசியை ஆற்றிக்கொள்கிறாள். அவளால் எந்நேரமும் கொல்ல முடியும் என்பதும், ஒவ்வொரு நாளும் கொல்லாமல் இருக்கிறாள் என்பதும் ஒருங்கே காட்டப்படுகின்றன. நாயகியின் அறம் அவள் பேசும் உரையாடல்களைவிட இக்கட்டுப்பாட்டிலேயே வெளிப்படுகிறது. அவள் குறைவாகவே பேசுகிறாள். முகபாவங்களும் அடக்கமாகவே உள்ளன. பல தலைமுறை மனிதர்கள் பிறந்து இறப்பதைக் கண்ட ஒருத்தியின் சோர்வாக இதனைக் கொள்ளலாம்.

இவ்வமைப்பில் ஒரு குறையும் உண்டு. சிறுமி நீலிக்கும் இன்றைய சந்திராவுக்கும் இடைப்பட்ட நீண்ட காலம் சுருக்கமாகவே காட்டப்படுகிறது. அக்காலத்தில் அவள் செய்த பிழைகள், இழந்த உறவுகள் ஆகியவை பெரும்பாலும் பார்வையாளரின் ஊகத்துக்கு விடப்பட்டுள்ளன. சிறுமியின் துயரம் வலுவாகக் காட்டப்படும் அளவுக்கு, வளர்ந்த பெண்ணின் உள்ளம் காட்டப்படவில்லை எனலாம்.

சன்னி

பார்வையாளர் சந்திராவைப் பெரும்பாலும் சன்னியின் கண்கள் வழியாகவே காண்கின்றனர். அதிரடித் திரைப்படங்களில் வழக்கமாக நாயகிக்கு அளிக்கப்படும் இடம் இங்கு அவனுக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவன் அஞ்சுகிறான், வியக்கிறான், காப்பாற்றப்படுகிறான். எனினும் அவளை அடக்கவோ திருத்தவோ முயல்வதில்லை. உண்மையை அறிந்தபின் நேரும் அச்சத்தையும் மீறி அவளுடன் நிற்கிறான். பழையனூர்க் கதையில் பெண்ணின் அழுகையை நம்பியவர்கள் அழிந்தனர். இங்கே அவளை நம்புபவன் அழிவதில்லை. மூலக் கதையிலிருந்து திரைப்படம் மிகத் தெளிவாக விலகும் இடம் இதுவே ஆகும்.

நாச்சியப்ப கௌடா

நடன இயக்குநராக அறியப்பட்ட சாண்டி, தமிழில் லியோ (2023) திரைப்படத்திலும் எதிர்மறைப் பாத்திரத்தில் நடித்தவர் ஆவார். இப்படத்தில் அவர் ஏற்றுள்ள காவல் ஆய்வாளர் பாத்திரம், பெண்களை வெளிப்படையாக இழிவுபடுத்தும் இயல்புடையது. அரசனின் படையினர் செய்த வேலையை இக்காலத்தில் அவர் செய்கிறார். சீருடையும் அதிகாரமும் மட்டுமே வேறு.

அவருக்கும் சந்திராவின் ஆற்றல் கிடைப்பது கதையின் முக்கியத் திருப்பமாகும். ஒரே தொற்று இருவருக்கும் ஏற்படுகிறது. ஊரை இழந்த சிறுமி காவலாக மாறுகிறாள். அதிகாரம் படைத்தவரோ முன்னிலும் கொடியவராகிறார். காட்டேரித் தன்மை ஒருவரின் குணத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ளதைப் பெருக்கிக் காட்டுகிறது என்னும் கருத்து இதனால் நிறுவப்படுகிறது. ஆயினும் நாச்சியப்பாவின் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் படம் ஆழமாக ஆராயவில்லை. நீலிக்குக் கிடைத்த தோற்றக் கதை அவருக்குக் கிடைக்கவில்லை.

டிராகுலா அன்டோல்ட் படத்துடன் ஒப்பீடு

காட்டேரியின் தோற்றக் கதையை அதிரடிப் படமாக்கிய மேலை நாட்டு முயற்சிகளுள் கேரி ஷோர் இயக்கி 2014 இல் வெளியான டிராகுலா அன்டோல்ட் குறிப்பிடத்தக்கது. லூக் எவன்ஸ் நாயகனாக நடித்தார். 15 ஆம் நூற்றாண்டில் வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட் என்னும் அரசனை அப்படம் டிராகுலாவாகக் கொள்கிறது. பகைவர்களைக் கழுவேற்றியதால் பெயர்பெற்ற அரசன் இவன்.

துருக்கிய சுல்தான் ஆயிரம் சிறுவர்களைத் தன் படைக்காகக் கேட்கிறான். விளாடின் மகனும் அவர்களுள் ஒருவனாகச் செல்ல வேண்டும். மகனைக் காக்க விரும்பும் விளாட், மலைக்குகையில் வாழும் மூத்த காட்டேரியிடம் ஆற்றல் பெறுகிறான். மூன்று நாட்கள் குருதி பருகாமல் இருந்தால் மீண்டும் மனிதனாகலாம். பருகினால் மீட்சி இல்லை. இறுதியில் இறக்கும் தறுவாயில் உள்ள மனைவியே தன் குருதியைப் பருகுமாறு வேண்டுகிறாள்.

மூன்று நாள் கெடு என்னும் அமைப்பு சிறப்பானது. ஒவ்வொரு மணித்துளியும் பாத்திரத்துக்குச் சோதனையாகிறது. ஆனால் அச்சோதனையின் முடிவு நாயகனின் தெரிவாக முழுமையாக அமையவில்லை. மனைவி வேண்டியதால் அவன் குருதி பருகுகிறான். மகனுக்காக ஆற்றல் பெறுகிறான். முன்பு கழுவேற்றியதும் பல ஊர்களைக் காப்பதற்காகவே என்று கூறப்படுகிறது. ஒவ்வொரு தீச்செயலுக்கும் ஒரு நற்காரணம் முன்கூட்டியே வைக்கப்படுவதால், கொடுங்கோலன் ஒருவன் குற்றமற்ற தந்தையாகிவிடுகிறான். மேலே கூறப்பட்ட எல்லையை அப்படம் கடந்துவிடுகிறது.

இரண்டு படங்களிலும் குகை உண்டு, படையெடுப்பு உண்டு, குடும்பத்தைக் காக்க முடியாத துயரம் உண்டு. வேறுபாடு, ஆற்றலைப் பெற்றவரின் நிலையில் உள்ளது. விளாட் அரியணையில் இருந்தவன். ஆற்றலைத் தேடிச் சென்றவன். நீலி எதுவும் இல்லாத சிறுமி. அவள் அதனைத் தேடவில்லை. தேடாமல் வந்த ஒன்றை என்ன செய்வது என்பதே அவளுடைய வினா. அவ்வினாவுக்கு அவள் நாள்தோறும் விடையளிக்க வேண்டியுள்ளது.

தயாரிப்பு

இயக்குநர் டொமினிக் அருணின் முதல் படம் 2017 இல் வெளியான தரங்கம் ஆகும். லோகாவின் திரைக்கதையில் நடிகை சாந்தி பாலச்சந்திரன் பங்களித்துள்ளார். நிமிஷ் ரவி ஒளிப்பதிவையும், ஜேக்ஸ் பிஜோய் இசையையும், சமன் சாக்கோ படத்தொகுப்பையும் கவனித்தனர். சண்டைக் காட்சிகளை யானிக் பென் வடிவமைத்தார். நாயகி கல்யாணி சென்னையில் பிறந்தவர்; இயக்குநர் பிரியதர்சன், நடிகை லிசி ஆகியோரின் மகள் ஆவார்.

வரவேற்பும் சர்ச்சையும்

இத்திரைப்படம் உலகளவில் 300 கோடி ரூபாய்க்கும் மேல் வசூலித்தது. இவ்வளவு வசூலித்த முதல் மலையாளத் திரைப்படம் இதுவாகும். பெண்ணை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட அதிரடிப் படம் ஒன்று இத்தகைய வெற்றியைப் பெற்றது தென்னிந்தியத் திரையுலகில் பரவலாகப் பேசப்பட்டது. 2025 அக்டோபர் 31 முதல் ஜியோஹாட்ஸ்டாரில் வெளியிடப்பட்டது.

நாச்சியப்ப கௌடா பெங்களூர்ப் பெண்களைக் குறித்துப் பேசும் ஒரு வசனம் கர்நாடகத்தில் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. 2025 செப்டம்பரில் தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அவ்வசனத்தை நீக்கவோ திருத்தவோ செய்வதாக அறிவித்தது. ஒரு பாத்திரத்தின் இழிகுணத்தைக் காட்ட எழுதப்பட்ட சொற்கள், அப்பாத்திரத்தின் கூற்றாக மட்டும் கொள்ளப்படாமல் படத்தின் கூற்றாகவும் கொள்ளப்படக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

டொவினோ தோமஸ் முதன்மைப் பாத்திரத்தில் நடிக்கும் இரண்டாம் பாகம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அது கேரள நாட்டார் வழக்கிலுள்ள சாத்தனின் கதையை அடிப்படையாகக் கொண்டது.

இவற்றையும் பார்க்க

பழையனூர் நீலி
நீலகேசி
ஐஞ்சிறுகாப்பியங்கள்
இயக்கி வழிபாடு
வில்லுப்பாட்டு
டிராகுலா (புதினம்)